குளுவாங் வண்டும் உலக ஆய்விதழ்களும்

ஜொகூர் மாநிலத்தின் நடுவே இருக்கும் குளுவாங் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ரயில் நிலையக் காப்பிக்கடைதான் ஞாபகம் வரும். அறிவியல் உலகத்தில் இந்த ஊருக்கு ஓர் இடம் உண்டு என்று சொன்னால் உள்ளூர்க்காரர்களே சிரிப்பார்கள். ஆனால் 1981 பிப்ரவரியில் கேமரூன் நாட்டிலிருந்து வந்த ஒரு சின்னக் கூன்வண்டு முதன்முதலாகத் திறந்துவிடப்பட்டது இங்குள்ள பாமோல் தோட்டத்தில்தான். ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் தேடிச் சேர்த்த, பாமாயில் தரும் செம்பனை வகைகள் வரிசை வரிசையாக நிற்பதும் இந்த ஊரில் இருக்கும் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வு நிலையத்தில்தான். 2013-இல் 'நேச்சர்' இதழில் செம்பனையின் மரபணுத் தொகுதி வெளியானபோது அந்த ஆய்வுக்குப் பின்னால் இருந்த உழைப்பில் இப்படிப்பட்ட மரச் சேகரிப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

வளரும் நாடுகளில் ஆய்வுக் கூட்டு முயற்சி என்று பேச ஆரம்பித்தாலே புரிந்துணர்வு ஒப்பந்தம், மாநாடு, கைகுலுக்கும் படம் என்று பேச்சு போய்விடும். தோட்டத்தைச் சுற்றி வளர்ந்த ஊரிலிருந்து பார்த்தால் வேறு விஷயங்கள் கண்ணில் படுகின்றன. கேள்வியை எழுப்பியது யார், செலவைத் தாங்கியது யார், கட்டுரையில் யார் பெயர் எந்த இடத்தில் வந்தது, கடைசியில் அந்தக் கட்டுரையை யாரால் படிக்க முடிகிறது. என் கணிப்பில், இரண்டாவது கேள்விக்கான விடைதான் மற்ற மூன்றையும் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. செம்பனையின் கதை அதற்கு நல்ல சாட்சி.

செம்பனைக்குப் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848-இல் நான்கு கன்றுகள் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்துக்கு வந்தன. 1917-இல் கோல சிலாங்கூர் பக்கம் தென்னமாரன் தோட்டத்தில் அது வணிகப் பயிராக நடப்பட்டது. மரம் வந்தது, மரத்தின் பூவோடு ஆப்பிரிக்காவில் கூடி வாழ்ந்த பூச்சி வரவில்லை. செம்பனையில் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் ஒரே மரத்தில் இருந்தாலும் வெவ்வேறு காலத்தில் மலரும். அதனால் மகரந்தம் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் போயாக வேண்டும். காற்றே அதைக் கொண்டுபோகிறது என்று பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. நடைமுறையில் காற்று போதவில்லை. அதனால் மலேசியத் தோட்டங்களில் ஆட்களை வைத்து மகரந்தத்தை டால்க் பவுடரில் கலந்து பெண் பூக்களின் மேல் ஊதவைத்தார்கள். முள் நிறைந்த மட்டைகளுக்கு இடையே கையை விட்டு, பூ மலரும் நாளைக் கவனித்து, மரம் மரமாகப் போய்ச் செய்ய வேண்டிய வேலை அது. பெண்கள் நிறையப் பேர் அதில் இருந்தார்கள்.

யூனிலீவர் நிறுவனத்தின் தோட்டங்களில் பணியாற்றிய லெஸ்லி டேவிட்சன் என்ற துரை கேமரூனிலும் இருந்தவர், மலேசியாவிலும் இருந்தவர். கேமரூனில் யாரும் பொடி ஊதாமலேயே குலைகள் நன்றாகக் காய்த்ததை அவர் பார்த்திருந்தார். அங்கே ஆண் பூக்களின் மேல் வண்டுகள் மொய்த்ததும் அவர் கண்ணில் பட்டிருந்தது. புத்தகம் சொல்வது சரியா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. நிறுவனம் பணம் கொடுக்க, காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிலையத்தைச் சேர்ந்த பாகிஸ்தானியப் பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் கேமரூனுக்குப் போனார். மகரந்தத்தைச் சுமந்து செல்வது எலைடோபியஸ் இனக் கூன்வண்டுகள்தான், அதிலும் எலைடோபியஸ் கமெருனிகஸ் என்பதே மலேசியாவுக்குப் பொருத்தமானது என்று அவர் கண்டறிந்தார். 1979-இல் இந்த ஆய்வு பிரிட்டனிலிருந்து வரும் பூச்சியியல் இதழ் ஒன்றில் வெளியானது. வேறு பயிரைத் தின்னுமா, நோய் எதையாவது கொண்டுவருமா என்ற சோதனைகளைத் தாண்டி, அரசின் அனுமதியோடு வண்டு இறங்கியது.

வண்டு செய்வது எளிய காரியம்தான். ஆண் பூ மலரும்போது சோம்பு போன்ற வாசனை வரும். வண்டுகள் அங்கே கூடி, தின்று, முட்டையிடும். புழுக்கள் உதிரப்போகும் பழைய ஆண் பூவைத் தின்று வளர்வதால் மரத்துக்கு நட்டமில்லை. பெண் பூவும் அவ்வப்போது அதே மாதிரி வாசனையை விடும், வண்டு ஏமாந்து உடம்பெல்லாம் மகரந்தத்தோடு அங்கே போகும். கொஞ்ச காலத்திலேயே தோட்டங்களில் பொடி ஊதும் வேலை நின்றது. குலைகளில் காய்ப்பு கூடியது, குறிப்பாகப் பழத்துக்குள் இருக்கும் கொட்டைப் பருப்பின் எண்ணெய் அளவு ஏறியது. அப்புறம் இந்தோனேசியா, பாப்புவா நியூகினி என்று வண்டு பரவியது.

பிரிட்டிஷ்-டச்சு நிறுவனத்தின் பணம், பாகிஸ்தான் ஆய்வாளர், கேமரூன் பூச்சி, மலேசிய நிலம். 'தெற்கு நாடுகளின் ஒத்துழைப்பு' என்று இன்று பெருமையாகச் சொல்லும் எல்லா அம்சங்களும் இதில் இருக்கின்றன. ஆனால் கேள்வி ஒரு கம்பெனியின் செலவுக் கணக்கிலிருந்து பிறந்தது, விடையின் லாபமும் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. ஓர் உயிரினத்தை எடுத்துப்போனால் அது பிறந்த நாட்டுக்கு என்ன பங்கு என்று கேட்க 1981-இல் உலக விதி எதுவும் இல்லை. பல்லுயிர் ஒப்பந்தம் 1992-இல்தான் வந்தது, பங்கு பற்றி விரிவாகப் பேசும் நகோயா நெறிமுறை 2010-இல். பொடி ஊதிக்கொண்டிருந்த பெண்களைப் பொறுத்தவரை, அவர்கள் வேலையை மாற்றிய ஆய்வு நடந்தது வேறொரு கண்டத்தில், அச்சானது இன்னொரு கண்டத்தில். கைவேலை குறைந்ததில் தப்பில்லை, அது லேசான வேலையும் கிடையாது. ஆனாலும் சம்பளத்தின் ஒரு பகுதி எதனால் போனது என்று அவர்களுக்கு யாராவது உட்கார்ந்து விளக்கியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு முந்தைய காலத்தில் தோட்டத்து மனிதர்களே ஆய்வுப் பொருளாக இருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாய் மாநிலங்களில், நரம்பையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. அதிகமாகச் செத்தவர்கள் ஈயச் சுரங்கச் சீனத் தொழிலாளர்கள். பக்கத்திலேயே வேலை செய்த தமிழர்களுக்கு அந்த நோய் அவ்வளவாக வரவில்லை. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்தார். சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) வந்த தீட்டிய பச்சரிசி, தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பிற்காலத்தில் தெளிவானது. அந்தச் சத்துக்குத் தயமின் என்று பெயர் வந்ததும் பிறகுதான்.

1905-இல் வில்லியம் ஃபிளெட்சர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதிக்குத் தீட்டிய அரிசியும் மறு பகுதிக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். 1907-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வந்தது. ஃபிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர் நெகிரி செம்பிலானின் டுரியான் திப்புஸ் காட்டுப் பகுதியில் சாலை போட வந்த ஜாவானியத் தொழிலாளர்களை வைத்து அதே மாதிரி சோதனை செய்தார்கள். அது 1909-இல் 'லான்செட்'டில் வந்தது. ஊட்டச்சத்து அறிவியலின் வரலாற்றில் இவை முக்கியமான கட்டுரைகள். இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் அந்தச் சோதனைகளுக்கு அனுமதி தராது. நோய் வரக்கூடும் என்ற நிலையிலும் ஒரு பகுதியினருக்குத் தீட்டிய அரிசியைப் போட்டார்கள். தமிழன் தன் ஊர் வழக்கப்படி சோறு பொங்கித் தின்றது உலக மருத்துவத்துக்கு ஒரு தடயமாக அமைந்தது. அந்தத் தடயத்துக்குச் சொந்தக்காரர்கள் கட்டுரையில் 'தமிழ்க் கூலிகள்' என்ற இனமாக வருகிறார்கள், அவ்வளவுதான்.

நாற்பது ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் கொஞ்சம் நகர்வு தெரிகிறது. உண்ணி வகையைச் சேர்ந்த சிறு பூச்சியின் கடியால் வரும் புதர்க் காய்ச்சல் செம்பனைத் தோட்டத் தொழிலாளர்களிடம் அதிகம் இருந்தது. 1948-இல் ஜோசஃப் ஸ்மேடல் தலைமையில் அமெரிக்க ராணுவ மருத்துவக் குழு கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு வந்து, குளோரம்ஃபெனிக்கால் என்ற புது மருந்தை இந்தக் காய்ச்சலுக்குக் கொடுத்துப் பார்த்தது. மருந்து வேலை செய்தது. புதர்க் காய்ச்சல் என்று நினைத்து மருந்து கொடுத்தவர்களில் சிலருக்கு உண்மையில் டைஃபாய்டு இருந்தது, அவர்களும் தேறினார்கள். டைஃபாய்டுக்கு முதல் நல்ல மருந்து இப்படித் தற்செயலாக மலாயாவில் கிடைத்தது. அதே ஆண்டு வெளியான இரண்டு கட்டுரைகளிலும் பெயர்ப் பட்டியலின் கடைசியில் ஓர் இந்தியப் பெயர் இருக்கிறது. ஒன்றில் சாவூர், இன்னொன்றில் மங்கிக்கர். இன்று உயிரியல் கட்டுரைகளில் கடைசிப் பெயர் ஆய்வுக்கூடத் தலைவருக்கு உரிய மரியாதையான இடம். அன்றைக்குக் கடைசி என்றால் கடைசிதான். இருந்தாலும் பட்டியலுக்குள் வந்துவிட்டார்கள்.

சரி, செம்பனை ஆய்வில் மட்டும் மலேசியர்கள் பட்டியலின் தலைக்கே எப்படி வந்தார்கள்? இங்கேதான் பணத்தின் கதை வருகிறது. 1925-இல் மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைந்தபோது, ஏற்றுமதியாகும் ரப்பரின் மேல் விதித்த தீர்வைதான் அதற்குச் சோறு போட்டது. 1979-இல் செம்பனைக்குத் தனி ஆய்வுக் கழகம் வந்தது, 2000-இல் அது வாரியமாக மாறியது. அதற்கும் அதே முறைதான். உற்பத்தியாகும் ஒவ்வொரு டன் எண்ணெய்க்கும் ஆலைகள் ஒரு தொகை கட்டுகின்றன. விலை ஏறினாலும் இறங்கினாலும், எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும், அந்தப் பணம் வந்துகொண்டே இருக்கும். வளரும் நாட்டு ஆய்வாளர்களில் பெரும்பாலோர் மூன்றாண்டு மானியம் முடிந்ததும் அடுத்த வெளிநாட்டுக் கூட்டாளியைத் தேடி அலைகிறார்கள், அவர் என்ன கேள்வி கொண்டுவருகிறாரோ அதையே தங்கள் கேள்வியாக்கிக்கொள்கிறார்கள். தீர்வைப் பணம் இருந்தவர்கள் காத்திருக்க முடிந்தது.

எவ்வளவு காலம் காத்திருந்தார்கள் என்று பாருங்கள். 1973-இல் மலேசியக் குழு நைஜீரியச் செம்பனை ஆய்வு நிலையத்தோடு சேர்ந்து அந்நாட்டுக் காட்டு மரங்களின் விதைகளைச் சேகரித்தது. பிறகு கேமரூன், அங்கோலா என்று பல நாடுகளுக்குப் போனார்கள். இந்தத் தேடலில் முன்னால் நின்றவர் ராஜநாயுடு என்ற மலேசிய மரவிருத்தி ஆய்வாளர். கொண்டுவந்த விதைகள் குளுவாங்கில் மரங்களாக வளர்ந்தன. ஒரு செம்பனை மரத்தின் குணத்தை அளந்து முடிக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆகும். எந்த மானியம் அதுவரை நிற்கும்?

செம்பனையில் தடித்த ஓடுள்ள டூரா, பெரும்பாலும் ஓடே இல்லாத பிசிஃபெரா, இரண்டும் கலந்து மெல்லிய ஓடுள்ள தெனேரா என்று மூன்று வகை. ஓட்டைத் தீர்மானிப்பது ஒரே மரபணு என்பதை 1941-இல் பெல்ஜிய ஆட்சியில் இருந்த காங்கோவில் கண்டறிந்தார்கள். தெனேராவில் எண்ணெய் சுமார் 30 சதவீதம் கூடுதல், அதனால் தோட்டங்கள் எல்லாம் தெனேராவைத்தான் நடுகின்றன. சிக்கல் என்னவென்றால், கன்றைப் பார்த்து வகையைச் சொல்ல முடியாது. நட்டு, வளர்த்து, காய்த்து, பழத்தை வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். கலப்பு சரியில்லாத கன்றை வாங்கிய சிறுதோட்டக்காரருக்கு ஐந்தாறு வருடம் கழித்துத்தான் தான் ஏமாந்தது புரியும்.

அந்த மரபணு எது என்பதை 2013-இல் வாரியத்து ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் அறிவித்தார்கள். அதே இதழில், அதே வேளையில், செம்பனையின் முழு மரபணுத் தொகுதியும் வந்தது. அமெரிக்காவின் ஓரியன் ஜினோமிக்ஸ் நிறுவனமும், கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தின் ராபர்ட் மார்ட்டின்சனும் கூட்டாளிகள். இரண்டு கட்டுரைகளிலும் முதல் பெயர் ராஜிந்தர் சிங், வாரியத்தைச் சேர்ந்தவர். தலைமைக்குரிய கடைசி இடங்களில் மார்ட்டின்சனும் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தியும். ராஜநாயுடுவின் பெயரும் உண்டு. கருவியும் கணினித் திறனும் அமெரிக்கப் பக்கம், மரமும் கேள்வியும் தீர்வைப் பணமும் மலேசியப் பக்கம். இதன் பலனாகக் கன்றின் இலையில் ஒரு துண்டை எடுத்து டி.என்.ஏ. பார்த்து வகையைச் சொல்லும் சோதனை வந்தது. ஆய்விதழில் வந்த ஒரு கண்டுபிடிப்பு நாற்றங்கால் வரை நடந்து வந்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் இந்த நாட்டில் எனக்குத் தெரியாது.

ஆனால் இதற்குள் ஒரு கசப்பும் இருக்கிறது. ரப்பருக்குத் தீர்வை, செம்பனைக்குத் தீர்வை, ஆளுக்கொரு ஆய்வுக் கழகம், ஆளுக்கொரு இதழ். பால் மரம் வெட்டியவர்களுக்கும் பழக்குலை சுமந்தவர்களுக்கும் அப்படி ஓர் ஏற்பாடு வரவேயில்லை. லயம் என்ற தோட்ட வரிசை வீடுகளில் வாழ்ந்தவர்களின் முதுகுவலி, பூச்சிமருந்து தெளித்தவர்களின் உடல்நிலை, தோட்டம் துண்டாடப்பட்டு நகரத்துக்கு வந்தவர்களின் வாழ்க்கை இவையெல்லாம் யாராவது முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டால்தான் ஆய்வாகின்றன. மரத்தை நாற்பதாண்டு தொடர்ந்து அளந்த நாட்டில் மனிதரை அளப்பது மூன்றாண்டு மானியத்தோடு முடிந்துவிடுகிறது.

அவசரம் வந்தால் மட்டும் நிலைமை மாறும். 1998 கடைசியில் ஈப்போ பக்கம் ஆரம்பித்து, பிறகு போர்ட்டிக்சன் அருகே புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா பகுதிகளில் பரவிய மூளைக்காய்ச்சலை முதலில் எல்லோரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே நினைத்தார்கள். கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள், சாவு நிற்கவில்லை. பன்றிப் பண்ணையில் வேலை செய்தவர்களே அதிகம் பாதிக்கப்பட்டதும், பண்ணைக்குப் போகாத பக்கத்து வீட்டுக்காரர்கள் தப்பியதும் அந்த விளக்கத்தோடு பொருந்தவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் 1999 மார்ச்சில் வைரஸைப் பிரித்தெடுத்தார். அதை அடையாளம் காண இங்கே போதிய வசதி இல்லாததால் மாதிரிகளோடு தானே அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார். அங்கே நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வகங்களில் அது பாராமிக்சோ என்ற வைரஸ் குடும்பத்தில் புதிய வகை என்று தெரிந்தது. இன்று நிப்பா வைரஸ் என்று சொல்வது இதைத்தான். 265 பேருக்கு நோய், 105 பேர் மரணம், பத்து லட்சத்துக்கும் மேல் பன்றிகள் அழிப்பு. 1999-இல் 'லான்செட்', 2000-இல் 'சயன்ஸ்' என்று கட்டுரைகள் வந்தன, முதல் பெயர் சுவாவுடையது. வைரஸுக்கு மூல இருப்பிடம் பழவௌவால்கள் என்பது பிறகு உறுதியானது. எங்கள் ஊருக்குப் பெயர் கொடுத்த வௌவால்தான், மலாயில் அதற்குக் கெலுவாங் என்று பெயர்.

மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்ற கேள்வியை இந்தோனேசியா 2007-இல் வேறு மாதிரி கேட்டது. பறவைக்காய்ச்சல் வைரஸை நாங்கள் அனுப்புகிறோம், அதை வைத்துச் செய்யும் தடுப்பூசியை எங்களால் வாங்க முடியவில்லை என்று சொல்லி, சுகாதார அமைச்சர் சித்தி ஃபாடிலா சுப்பாரி மாதிரிகளைக் கொடுக்க மறுத்தார். பெரிய நாடுகள் கோபப்பட்டன. ஆனால் 2011-இல் உலகச் சுகாதார நிறுவனத்தில் ஃப்ளூ வைரஸ் பகிர்வுக்கும் பலன் பகிர்வுக்கும் ஓர் ஏற்பாடு உருவானது அந்த மறுப்பின் விளைவாகத்தான்.

இனி அச்சுக்கூடத்துப் பக்கம் வருவோம். முன்பெல்லாம் ஆய்விதழைப் படிக்க நூலகம் சந்தா கட்ட வேண்டும், எழுதுபவருக்குச் செலவு அதிகமில்லை. ஏழை நாட்டு நூலகங்களால் அந்தச் சந்தாவைக் கட்ட முடியவில்லை. அதற்காக 2002-இல் மருத்துவ இதழ்களுக்கு ஹினாரி, 2003-இல் விவசாய இதழ்களுக்கு அகோரா என்று, இலவசமாகவோ மலிவாகவோ படிக்கவைக்கும் திட்டங்கள் ஐ.நா. அமைப்புகளின் வழியே வந்தன. பிறகு காற்று திசை மாறியது. யாரும் இலவசமாகப் படிக்கலாம், ஆனால் எழுதுபவர் கட்டணம் கட்ட வேண்டும் என்ற முறை பெருகியது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. 'நேச்சர்' இதழ் 2021-இல் இந்த முறைக்கு வைத்த விலை 9,500 யூரோ. மலேசியத் தொழிலாளி ஒருவரின் குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). ஒரே ஒரு கட்டுரைக்கான கட்டணம் அவருடைய இரண்டு ஆண்டுச் சம்பளத்தையும் தாண்டிப்போகிறது. எல்லா இதழும் இவ்வளவு கேட்பதில்லை என்பது உண்மை, ஆனால் நடுத்தர இதழ்களிலேயே பல ஆயிரம் வெள்ளி ஆகும்.

ஏழை நாடுகளுக்குத் தள்ளுபடி உண்டு என்பார்கள். உலக வங்கியின் கணக்கில் மலேசியா மேல்நடுத்தர வருமான நாடு. அதனால் வழக்கமான தள்ளுபடிப் பட்டியல்களில் அது வருவதில்லை. பணக்கார நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பதிப்பாளர்களோடு மொத்தமாக ஒப்பந்தம் போட்டுத் தங்கள் ஆய்வாளர்களைக் காப்பாற்றிவிடுகின்றன. இரண்டுக்கும் இடையில் மாட்டிக்கொள்வது மலேசியா போன்ற நாடுகள்தான். இந்தச் சூழலில் வெளிநாட்டுக் கூட்டாளி என்பவர் அறிவுக்கு மட்டும் தேவைப்படுவதில்லை, கட்டணத்தைக் கட்டவும் தேவைப்படுகிறார். காசு கட்டுபவர் பெயர் பட்டியலில் எங்கே வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கட்டணத்தோடு சேர்ந்து அழுத்தமும் வந்தது. 2006-இல் மலேசிய அரசு நான்கு பல்கலைக்கழகங்களை ஆய்வுப் பல்கலைக்கழகங்களாக அறிவித்தது, 2010-இல் ஐந்தாவதும் சேர்ந்தது. உலகத் தரவரிசையில் ஏற வேண்டும் என்றால் ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிடும் ஸ்கோப்பஸ் போன்ற தரவுத்தளங்களில் கட்டுரை எண்ணிக்கை கூட வேண்டும். பதவி உயர்வுக்குக் கட்டுரை, ஒப்பந்தம் நீட்டிக்கக் கட்டுரை, பல இடங்களில் முனைவர் பட்டம் வாங்கவே கட்டுரை. இந்த அவசரத்தில்தான் பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்கள் கொழித்தன. 2013-இல் ஜான் போஹானன் என்பவர் வேண்டுமென்றே தவறுகள் நிறைந்த ஒரு புற்றுநோய்க் கட்டுரையை, இல்லாத ஆப்பிரிக்க நிறுவனங்களின் பெயரில், 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன, 98 மட்டுமே நிராகரித்தன. அந்த விவரம் 'சயன்ஸ்' இதழில் வந்தபோது வளரும் நாடுகளைக் கேலி செய்வதற்குப் பலருக்கு வசதியாகப் போனது. இந்திய முகவரி கொண்ட இதழ்கள் அதில் நிறைய இருந்தன என்பதும் நிஜம். ஆனால் பெரிய பதிப்பாளர்களின் இதழ்கள் சிலவும் அந்த வலையில் விழுந்தன, அதைப் பற்றி அவ்வளவு பேச்சு இல்லை.

இதில் அதிகம் அடிபட்டவை உள்ளூர் இதழ்கள் என்பது என் எண்ணம். மலேசிய மருத்துவ இதழ், தோட்ட மேலாளர்கள் சங்கம் 1920 முதல் நடத்திவரும் இதழ், செம்பனை வாரியத்தின் ஆய்விதழ் ஆகியவற்றில் வரும் விஷயங்கள் இங்குள்ள மண்ணுக்கும் மழைக்கும் நேரடியாகப் பயன்படுபவை. குறிப்பிட்ட ஒரு மண்ணில் எந்த உரம் எப்போது என்ற கட்டுரையை லண்டன் இதழ் எதற்காகப் போட வேண்டும்? ஆனால் புள்ளி எண்ணும் முறையில் அந்தக் கட்டுரைக்கு மதிப்பு குறைவு. விளைவாக, இளம் ஆய்வாளர் மண்ணை விட்டுவிட்டு வெளிநாட்டு இதழுக்குப் பிடிக்கும் தலைப்பைத் தேடிப் போகிறார். வாரியத்தின் ஆய்விதழை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம் என்பது ஓர் ஆறுதல். சிறுதோட்டக்காரர்களுக்கு வழிகாட்ட 'துனாஸ்' என்ற பெயரில் வாரியத்தின் அலுவலர்கள் இருக்கிறார்கள். கட்டுரையில் இருப்பது தோட்டத்துக்கு வந்து சேர்வது பெரும்பாலும் அவர்கள் வாய் வழியாகத்தான்.

எடுத்துப்போவதைப் பற்றிய விதிகளும் இப்போது மாறியிருக்கின்றன. உயிரியல் வளங்களை அணுகுவது, அதன் பலனைப் பகிர்வது குறித்து மலேசியா 2017-இல் ஒரு சட்டம் இயற்றி 2020 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வெளிநாட்டு ஆய்வாளர் இங்கிருந்து ஓர் இலையை எடுத்துப்போகவும் அனுமதி வேண்டும், உள்ளூர் மக்களின் அறிவைப் பயன்படுத்தினால் அவர்கள் சம்மதமும் வேண்டும். நல்லதுதான். ஆனால் இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது நாம் எப்போதும் கொடுத்த பக்கத்திலேயே நின்றுகொள்கிறோம். ரப்பர் விதை 1876-இல் பிரேசிலிலிருந்து போனது, செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, வண்டு கேமரூனிலிருந்து வந்தது. இந்த நாட்டின் செல்வத்தில் பெரும்பங்கு அடுத்த ஏழை நாட்டின் காட்டிலிருந்து வந்ததுதான். 1981-இல் பிரேசிலின் அமேசான் பகுதியில் பல நாடுகள் சேர்ந்து ரப்பர் விதை சேகரித்தபோது பாதியைப் பிரேசிலிலேயே வைத்துவிட்டு மீதியை மலேசியாவுக்கும் ஐவரி கோஸ்ட்டுக்கும் பிரித்தார்கள். சட்டம் வருவதற்கு முன்பே அப்படி ஒரு கண்ணியமான கணக்கு சாத்தியமாக இருந்திருக்கிறது.

குளுவாங்கைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இன்று பழம் வெட்டுபவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். தமிழர்கள் ஊருக்குள் தாமான் எனப்படும் குடியிருப்புகளின் வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். ஆய்வுக் குழுக்கள் இப்போதும் இரண்டு இடங்களுக்கும் வருகின்றன. இங்கே சர்க்கரை நோய், சிறுநீரகம், முதியோர் நலம் பற்றிக் கேட்கிறார்கள். அங்கே வேலைச் சூழலைப் பற்றிக் கேட்கிறார்கள். சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளையும் கிளினிக்குகளையும் தொடும் ஆய்வு என்றால் தேசியப் பதிவேட்டில் பதிந்து, நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கியாக வேண்டும். பங்கெடுப்பவரிடம் விளக்கத் தாள் ஒன்றும் ஒப்புதல் படிவம் ஒன்றும் தருவார்கள். விளக்கத் தாளில் ஆபத்து என்ன, ரகசியம் காக்கப்படுமா, பாதியில் விலகலாமா என்பதெல்லாம் இருக்கும், யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்ற தொலைபேசி எண்ணும் இருக்கும். முடிவு எப்போது, எந்த மொழியில், யார் கையில் வந்து சேரும் என்ற வரி பெரும்பாலும் இருக்காது. கேட்டால் எழுதிக்கொடுக்க ஆய்வாளர்களுக்குத் தடை எதுவும் இல்லை. ஒரே ஒரு பக்கத்தில், தமிழிலோ மலாயிலோ, கோயில் மண்டபத்திலோ சமூக மண்டபத்திலோ ஒட்டக்கூடிய மாதிரி ஒரு சுருக்கம் கேட்கலாம். ரத்தம் எடுக்கக் கை நீட்டும் முன்பே கேட்பது நல்லது. எடுத்த பிறகு கேட்டால் அவர்கள் அடுத்த ஊருக்குப் போயிருப்பார்கள்.